மணல் மான் பட்டியில் பருவக் கணக்கு எழுதுவது எப்படி

"அண்ணே, எல்லா மானும் படுத்தே கெடக்கு. ஒண்ணுக்கும் முடியலையோ?"

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி பதறிப்போய் போன் செய்தது ஒரு ஜூலை மாதம், மதியம் ஒரு மணிக்கு. வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பட்டியில் இருந்த 22 மான்களும் பந்தல் நிழலில் கால் மடக்கிப் படுத்திருந்தன. தலையைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை.

ஆறு மாதம் கழித்து, ஜனவரியில், காலை பத்தரை மணிக்கு அதே பந்தலுக்குள் ஒரு பெட்டை தனியாகப் படுத்திருந்தது. மற்றவை வெளியே வெயிலில் மேய்ந்துகொண்டிருந்தன. நோட்டில் "படுத்திருக்கிறது, ஓய்வு" என்று பதிவாகியிருந்தது. அன்று மாலை அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். மூன்றாம் நாள் அது செத்துப்போனது. நிமோனியா. அந்தக் கையெழுத்துள்ள பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரே செய்கை ஒரு பருவத்தில் நலம், இன்னொரு பருவத்தில் நோய். இதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், எந்த மாதத்தில் எந்த மணிக்கு மான் என்ன செய்வது வழக்கம் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். அபுதாபியின் உள்பாலைப் பக்கம் 14 வருடமாக மான் பட்டியில் வேலை செய்கிறேன். அந்தக் கணக்கை எப்படி எழுதுவது, எழுதியதை வைத்துத் தீனி, நிழல், தண்ணீரை எப்படி மாற்றுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்த மான் என்று முதலில் பாருங்கள்

இந்தப் பக்கத்துப் பட்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். வெளுத்த மணல் நிறம், முகமும் வெள்ளை, அது ரீம் என்கிற மணல் மான். கொஞ்சம் கருத்த பழுப்பு, விலாவில் கறுப்புக் கோடு, முகத்தில் பட்டை, அது இட்மி என்கிற அரேபிய மான். கொம்பு உதிராது என்பதால் இவை உண்மையில் மான் இல்லை, இரலை இனம். ஆனால் பட்டியில் எல்லாரும் மான் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். அபுதாபி என்ற ஊர்ப் பெயருக்கே மானின் தகப்பன் என்று பொருள். அந்த மண்ணிலேயே ரீம் இன்று அழியக்கூடிய நிலையில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் இருக்கிறது. பட்டியில் ஒன்று செத்தால் "மானுக்கென்ன, வேறொன்று வரும்" என்று பேசுவது எனக்குப் பிடிக்காது.

ரீம் கூட்டமாக இருக்கும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். இட்மி ஒற்றைக் குட்டிதான் போடும், கிடா தன் இடத்தை விட்டு அதிகம் நகராது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். நான் இங்கே சொல்வது ரீம் பற்றி.

எண்ணும் முறை

பண்ணைக்கு வந்துபோன ஒரு கால்நடை மருத்துவர் கற்றுத்தந்த முறை இது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பட்டியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரே வீச்சில் கண்ணை ஓட்டுங்கள். ஒவ்வொரு மானும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று மட்டும் குறியுங்கள். அடுத்த நொடி அது எழுந்து ஓடினாலும் திருத்தக் கூடாது. ஓடுவதும் சண்டை போடுவதும் கண்ணை இழுக்கும், சும்மா நிற்பது கண்ணில் படாது. இப்படி வரிசையாக எண்ணாவிட்டால் நோட்டு முழுக்க ஓட்டமும் சண்டையுமாகத்தான் இருக்கும். விலங்கு நடத்தையை எழுதும் முறைகளை 1974-ல் ஜீன் ஆல்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தினார். மருத்துவர் எனக்குச் சொன்னதன் வேர் அதுதான்.

எனக்கு ஏழு எழுத்து போதும். மே என்றால் மேய்தல் அல்லது தீனி தின்னல். ப என்றால் படுத்திருத்தல், படுத்து அசைபோட்டால் பஅ. நி என்றால் நிற்றல், ந என்றால் நடத்தல், நீ என்றால் நீர் குடித்தல். மற்றதெல்லாம் ம, பக்கத்தில் ஒரு வார்த்தை. ஒவ்வொன்றுக்கும் அடுத்து வெயிலா நிழலா என்று வெ அல்லது நிழ போடுங்கள். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பருவத்தைக் காட்டுவதே அந்த ஒற்றை எழுத்துதான்.

ப-வையும் பஅ-வையும் கட்டாயம் பிரிக்க வேண்டும். தலை தூக்கி, தாடை பக்கவாட்டில் அரைத்து, தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறுவது தெரிந்தால் அந்த மானைப் பற்றிப் பாதிக் கவலையை விட்டுவிடலாம். கழுத்தை நீட்டித் தரையில் போட்டு, காது தொங்கி, ஒரு மணி நேரமாகத் தாடையே அசையவில்லை என்றால் எந்தப் பருவமானாலும் போய்ப் பாருங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் எழுதினால் போதும். தினமும் எழுத ஆரம்பித்தவர்கள் மூன்றாம் வாரமே கைவிட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பொழுது விடிவதற்கு அரை மணி முன்பு தொடங்கி, இருட்டி ஒரு மணி நேரம் வரை, இடையிடையே ஒரு மணி நேரம் எண்ணுவதும் ஒரு மணி நேரம் விடுவதுமாக. எப்போதும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நிறச் சட்டையில். நான் வண்டிக்குள்ளிருந்து எண்ணுவேன். வண்டி அவற்றுக்குப் பழகிப்போன பொருள், அதிலிருந்து இறங்கும் மனிதன்தான் பயம்.

கவனியுங்கள், இங்கே சூரியக் கணக்கே பெரிய வித்தியாசம். ஜூனில் காலை ஐந்தரைக்கே சூரியன் வந்துவிடும், மாலை ஏழுக்குப் பிறகுதான் மறையும். டிசம்பர் கடைசியில் காலை ஏழு மணிக்கு உதயம், ஐந்தரை தாண்டியதும் அஸ்தமனம். பகல் நீளத்தில் மட்டும் மூன்று மணி நேர வித்தியாசம். அதனால் "காலை 7 மணி" என்று எழுதினால் அது ஜூனில் வெயில் ஏறிய நேரம், டிசம்பரில் விடியல். கடிகார மணிக்குப் பக்கத்தில் "உதயத்துக்குப் பின் ஒன்றரை மணி" என்றும் எழுதி வைத்தால்தான் இரண்டு மாதத்தை ஒப்பிட முடியும்.

தீனி வண்டியா, பருவமா?

அடைத்து வளர்க்கும் மானில் எல்லாரும் சறுக்குகிற இடம் இது. முதல் வருடம் நான் எழுதிய கணக்கில் எல்லா மாதமும் காலை எட்டு மணிக்கு மான்கள் எழுந்து நடந்தன. பருவமே இல்லாத மிருகம் போல. பிறகுதான் புரிந்தது, தீனி வண்டி வருவது எட்டு மணிக்கு. நான் எழுதியிருந்தது மானின் கணக்கு இல்லை, டிரைவரின் கணக்கு.

எனக்குக் கண் திறந்தது ஒரு ரமலானில். வேலை நேரம் மாறி, தீனி தாமதமாக வர ஆரம்பித்தது. முதல் நான்கு நாள் மான்கள் பழைய நேரத்துக்கே வாசல் பக்கம் வந்து நின்றன, காத்திருந்து திரும்பின. இரண்டாம் வாரம் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டு, விடியலிலேயே முந்தின நாள் மிச்சத் தண்டுகளைத் தேடித் தின்ன ஆரம்பித்தன. ரமலான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால், போன வருட மார்ச்சையும் இந்த வருட மார்ச்சையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடக் கூடாது. பக்கத்தின் மேல் ஓரத்தில் ரமலான் என்று குறித்துவையுங்கள்.

மானின் சொந்தக் கணக்கைப் பார்க்க ஒரு வழி உண்டு. மாதத்தில் ஐந்து நாள், இரவு எட்டு மணிக்கு மேல் ரோட்ஸ் புல்லைப் பல இடத்தில் தாராளமாகப் போட்டுவிடுங்கள். மறுநாள் இரவு வரை மிச்சமிருக்கிற அளவுக்குப் போடுங்கள். பகலில் வண்டி உள்ளே போகக் கூடாது. தீனி எப்போதும் இருக்கிறது, யாரும் அழைக்கவில்லை என்றானபின் மான் எப்போது எழுகிறதோ அதுதான் பருவத்தின் நேரம். முதல் நாள் கணக்கைச் சேர்க்காதீர்கள், பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கோடை

மே மாதம் பாதி தாண்டினால் கணக்கு இரண்டாகப் பிளக்கும். விடியலுக்கு முன் ஒரு மேய்ச்சல், மாலை வெயில் சாய்ந்தபின் ஒரு மேய்ச்சல், இடையில் நீண்ட கிடை. ஜூலை, ஆகஸ்டில் காலை மேய்ச்சல் உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளாது. மாலை மேய்ச்சல் இருட்டிய பிறகும் போகும், நிலா வெளிச்ச இரவில் நடுச்சாமம் வரை எழுந்து நடக்கும். பகல் கிடையைப் பார்த்து "இந்த மான் சோம்பேறி" என்று சொல்பவர்கள் ஒரு இரவு வந்து உட்கார வேண்டும்.

ஒரு பெட்டை எப்படிப் படுக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பந்தல் நிழலுக்குள் வந்து நின்றது. தலையைக் குனிந்து மணலை மோந்தது. முன்னங்காலால் மூன்று இழுப்பு, நிறுத்தி மறுபடி இரண்டு இழுப்பு. மேல் மணல் வெளுத்துப் பொடியாகப் பறந்தது, அடியில் ஒரு விரற்கடை ஆழத்தில் நிறம் கருத்த மணல் வந்தது. அப்புறம்தான் முன்முழங்காலை மடக்கி இறங்கி, வயிற்றைச் சரியாக அந்தக் கருத்த மணலில் பதித்தது. வெயில் படும் மேல் மணல் 60 டிகிரியைத் தாண்டும் நாட்கள் அவை. அடி மணல் குளிர்ச்சி. பந்தலடியில் சிமெண்ட் தளம் போட்டுக் கழுவ வசதி செய்யலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பந்தலடி மணலை வாரம் ஒரு முறை கிளறி, புழுக்கை வாரி, கெட்டிப்படாமல் பார்த்துக்கொள்வதே அந்தப் பருவத்தில் நாம் செய்யும் பெரிய உதவி.

நிழல் போதுமா என்று எப்படித் தெரியும்? மதியம் ஒரு மணிக்கு வெளியே எத்தனை மான் நிற்கிறது என்று எண்ணுங்கள். கூட்டத்தில் மேலாதிக்கம் உள்ளது நல்ல நிழலை முதலில் பிடிக்கும், சிறியவை ஓரத்தில் நிற்கும். ஒரே குட்டி மூன்று நாள் தொடர்ந்து பாதி வெயிலில் நின்றால் அது பிடிவாதம் இல்லை, இடமில்லை. இன்னொரு பந்தல் வேண்டும். ஒரு பெரிய பந்தலைவிட இடைவெளி விட்டு மூன்று சின்னப் பந்தல்கள் மேல். கடகரேகை இந்த நாட்டின் வழியாகப் போகிறது, ஜூன் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். சுவரோ வேலியோ அப்போது ஒரு சாண் நிழல்கூடத் தராது. கூரைக்கு நேர் கீழே மட்டும்தான் நிழல். வன்னி மரம் இருக்கிற பட்டி கொடுத்து வைத்தது, இங்கே அதை காஃப் என்பார்கள். அந்த மரத்தடியில் கிடக்கும் மானின் மூச்சு தகரக் கூரைக்குக் கீழே கிடப்பதைவிட நிதானமாக இருப்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். விலா ஏறி இறங்குவதை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள்.

இந்த மானின் உடம்பு வெயிலைச் சமாளிப்பதே தனி வித்தை. வியர்த்துத் தண்ணீரைச் செலவழிப்பதற்குப் பதில், கோடைப் பகலில் உடல் சூட்டைக் கொஞ்சம் ஏறவிட்டு, இரவு குளிர்ந்ததும் அந்தச் சூட்டை வெளியே விட்டுவிடும். சவூதியின் மஹாஸத் அஸ்ஸைத் சரணாலயத்தில் திரியும் மணல் மான்களில் இதை அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். தீனியும் தண்ணீரும் குறைந்தால் ஈரலும் இதயமும் சுருங்கி, உடம்பின் செலவையே குறைத்துக்கொள்ளும் என்பதும் மணல் மானில் காட்டப்பட்டது. இதிலிருந்து பட்டிக்கு மூன்று பாடம்.

இரவு குளிராவிட்டால் மானுக்குச் சூட்டை இறக்க இடமில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் கடல் ஈரம் உள்ளே வரும் இரவுகள் பகலைவிடக் கொடுமை. புழுக்கமான இரவுக்கு மறுநாள் விடியல் மேய்ச்சல் சுருங்கும், எழுந்து நிற்கும், தின்னாது. அன்று மருந்தைத் தேடாதீர்கள், தொந்தரவைக் குறையுங்கள். மூக்கால் வேகமாக மூச்சு விட்டால் பொறுக்கலாம். ஓடாமலேயே வாய் திறந்து, நாக்கு வெளியே வந்தால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தீனியும் உள்ளே சூட்டைக் கிளப்பும். வயிற்றில் புளிக்கும் தீனி சில மணி நேரத்துக்குச் சூடு தரும். காலை ஒன்பது மணிக்கு வயிறு நிறையப் போட்டால் அந்தச் சூடும் வெயிலும் மதியத்தில் சேரும். ஆகவே கோடையில் குதிரைமசாலும் புல்லும் பெரும்பங்கு மாலை ஏழுக்கு மேல், மிச்சம் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. பெல்லட் தீனி கொஞ்சமாக, மாலையில் மட்டும்.

மூன்றாவது, கோடையில் மானைத் துரத்தாதீர்கள், பிடிக்காதீர்கள். துரத்திப் பிடித்த மான் அன்று நன்றாக எழுந்து போகும், இரண்டு மூன்று நாளில் தசை கெட்டு, சிறுநீர் கறுத்துச் சாகும். குளிர் காலத்திலும் வரக்கூடிய கேடு இது, வெயிலில் பல மடங்கு. காதுப் பட்டை மாட்டுவது, ஊசி, இடமாற்றம் எல்லாம் டிசம்பர், ஜனவரி விடியலுக்குத் தள்ளுங்கள்.

தண்ணீர் பற்றி ஒன்று. காட்டில் ரீம் செடியின் ஈரத்திலேயே காலம் தள்ளும். பட்டியில் காய்ந்த புல் தின்கிற மானுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் மணல்மேல் கிடக்கும் கறுப்புக் குழாயில் மதியம் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. தொட்டியை நிழலுக்குள் வையுங்கள், குழாயை மணலில் புதையுங்கள், நிரப்புவதை இரவில் செய்யுங்கள். தொட்டியருகே நீ என்று எத்தனை முறை, எந்த நேரத்தில் விழுகிறது என்று பார்த்தால், தண்ணீர் கொதிக்கிறதா என்பதை நோட்டே சொல்லிவிடும். ஒரு கோடையில் எனக்கு நீ எல்லாமே இரவு ஒன்பதுக்கு மேல் விழுந்தது. தொட்டியை நகர்த்திய மறுவாரமே மாலை ஐந்து மணிக்கும் குடிக்க வந்தன.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று வரை நேர் வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது இந்நாட்டு விதி. மதியக் கணக்கை எடுக்க வெயிலில் நிற்காதீர்கள். பட்டி தெரிகிற ஜன்னலிலிருந்தோ கேமராவிலோ எண்ணுங்கள், கிடைக்காத நாளில் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்பிய கட்டத்தால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

சுஹைல் வந்த பிறகு

ஆகஸ்ட் கடைசி வாரம் விடியலுக்கு முன் தென்கிழக்கில் சுஹைல் நட்சத்திரம் தெரியும். நம்மவர் அகத்திய நட்சத்திரம் என்று சொல்வது அதைத்தான். வெயில் அன்றே குறைந்துவிடாது. ஆனால் இங்குள்ள பெரியவர்கள் அன்றிலிருந்து நாள் எண்ணுவார்கள், நானும் அன்று புதுப் பக்கம் தொடங்குவேன். அதிலிருந்து காலை மேய்ச்சல் வாரத்துக்கு வாரம் நீள்வதும், மதியக் கிடை நடுவில் உடைந்து ஒரு சின்ன எழுச்சி வருவதும் நோட்டில் தெரியும்.

தீனி நேரத்தை மாற்றுவது இந்த மாதங்களில்தான். ஒரேயடியாக மாற்றாதீர்கள். மூன்று நான்கு நாளுக்குக் கால் மணி நேரம் என்று நகர்த்துங்கள். தீனியின் வகையை மாற்றுவதென்றால் இன்னும் மெதுவாக, பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். திடீரென்று பச்சைக் குதிரைமசாலையோ பெல்லட்டையோ கூட்டினால் வயிறு உப்பும், குடல்நச்சு நோய் வரும்.

அக்டோபர், நவம்பரை ஒட்டிப் பொலிகாலம், அதாவது இணைசேரும் காலம். கிடாவின் தொண்டை வீங்கிப் பெருக்கும், குரல் கரகரக்கும், கண்ணோரச் சுரப்பியைக் குச்சியில் தேய்க்கும், மணலைப் பறித்து ஒரே இடத்தில் புழுக்கை போடும். தின்னாது. இந்த மாதங்களில் பெரிய கிடாவுக்கு எதிரே மே குறைந்து ந நிறைய விழுந்தால் கவலைப்படாதீர்கள். எலும்பு தெரிய மெலியாமல் மட்டும் பாருங்கள். அதைவிடக் கவலைப்பட வேண்டியது துரத்தப்படும் இளங்கிடாவைப் பற்றி. அதன் எதிரே நாள் முழுக்க நி, அதுவும் வேலி மூலையில், என்று விழ ஆரம்பித்தால் அன்றே தனிப் பட்டிக்கு மாற்றுங்கள். மாற்ற இடமில்லையென்றால் பேரீச்சை ஓலைத் தட்டிகளை ஆங்காங்கே நட்டு, ஒன்றின் கண்ணுக்கு ஒன்று தெரியாமல் மறையுங்கள். தீனி வைக்கும் இடங்கள் கிடாக்களின் எண்ணிக்கையைவிட இரண்டாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

குளிர்காலம்

டிசம்பர், ஜனவரியில் கணக்கு தலைகீழாகும். விடியலில் எழாது. சூரியன் நன்றாக ஏறிய பிறகு, ஒன்பது ஒன்பதரைக்கு எழுந்து, வெயிலுக்குப் பக்கவாட்டில் உடம்பைக் காட்டிக் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு மேய்ச்சல், நடுவே சின்னச் சின்னக் கிடை, திறந்த வெயிலில். ஜூலையில் எல்லா ப-வுக்கும் பக்கத்தில் நிழ இருக்கும், ஜனவரியில் வெ இருக்கும். எங்கள் பட்டியின் அந்தப் பெட்டை அன்று பத்தரைக்குப் பநிழ. மற்றவை மேவெ. ஒரே வரியில் எதிரெதிராக எழுதியிருந்தது. ஜூலைப் பழக்கத்தில் இருந்த கண்ணுக்கு அது தெரியவில்லை. அதனால் இப்போது குளிர்காலத்தில் பநிழ விழுந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடச் சொல்லியிருக்கிறேன். அரை மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மூக்கில் சளி இருக்கிறதா, விலா வேகமாக அடிக்கிறதா, கூட்டம் நகர்ந்தபோது கூடப் போனதா என்று தூரத்திலிருந்தே பைனாகுலரில் பாருங்கள். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் மருத்துவர்.

டிசம்பரில் நண்பகல் சூரியன் 42 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். கூரையின் நிழல் வடக்கே தள்ளி விழும், தெற்கிலிருந்து வெயில் பந்தலுக்குள் புகும். பந்தலின் தெற்குப் பக்கத்தை மூடாதீர்கள். ஷமால் காற்று வடமேற்கிலிருந்து புழுதியோடு வரும், அந்தப் பக்கம் மட்டும் இடுப்புயரத்துக்குத் தட்டி கட்டுங்கள். காற்றடிக்கிற நாளில் மான்கள் தட்டியின் மறைவில் நெருங்கிப் படுத்திருந்தால் அதற்கு வட்டம் போட வேண்டாம். கூட்டமாகப் படுத்தால் காற்று, தனியாகப் படுத்தால் நோய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

தீனி நேரமும் மாறும். காலை எட்டரைக்கு ஒரு பங்கு, பிற்பகல் மூன்றுக்குப் பெரும்பங்கு. இரவுக் குளிருக்கு வயிற்றில் புளிக்கும் புல்லே அடுப்பு.

மூடுபனி இறங்கும் காலைகளில் எதுவுமே செய்யாதீர்கள். மானுக்குத் தூரம் தெரியாது, வண்டிச் சத்தம் எந்தப் பக்கம் என்று புரியாமல் வேலியில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். பனி விலகும்வரை தீனி காத்திருக்கலாம்.

குட்டிக் காலம்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஒரு பெட்டை கூட்டத்தைவிட்டு ஒதுங்கி, சுற்றிச் சுற்றி நடந்து, படுத்து எழுந்து படுத்தால் அது நோய் இல்லை. இந்த மூன்று மாதம் மட்டும் தனிமைக்கு அர்த்தம் வேறு. ஏறத்தாழ இரண்டு கிலோ எடையில் பிறக்கும் குட்டி முதல் இரண்டு மூன்று வாரம் தாயோடு திரியாது. செடியடியில் ஒடுங்கிக் கிடக்கும், இரட்டை என்றால் தனித்தனி இடத்தில். தாய் ஒரு நாளைக்குச் சில முறைதான் வந்து பால் கொடுக்கும். "தாய் கைவிட்டுவிட்டது" என்று நல்ல மனதோடு தூக்கிக்கொண்டு போய்ப் புட்டியில் வளர்க்கத் தொடங்கியவர்கள் பலர். பன்னிரண்டு மணி நேரமாவது தூரத்திலிருந்து பாருங்கள். தாயின் மடி விடியலில் நிறைந்து, பிறகு வற்றித் தெரிந்தால் குட்டி குடித்திருக்கிறது. குட்டிக் கணக்கை நோட்டில் தனித் தாளில் எழுதுங்கள், நடக்க ஆரம்பித்தபின் கூட்டக் கணக்கில் சேருங்கள். அந்த மாதங்களில் வேலியடி ஓட்டைகளை மாலையில் ஒரு சுற்று பாருங்கள், நரி வரும்.

எழுதியதை என்ன செய்வது

மாதத்துக்கு ஒரு தாள். இடது ஓரத்தில் உதயத்திலிருந்து மணி நேரங்கள், மேலே ஏழு எழுத்துகள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரும்பான்மை மான்கள் செய்ததற்குரிய கட்டத்தை நிரப்புங்கள். பன்னிரண்டு தாளும் தீனி அறைச் சுவரில் ஒட்டியிருக்கட்டும். காலையில் வரும் ஆள் அந்த மாதத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் பட்டிக்குப் போக வேண்டும். இரண்டாம் வருடம் அதே தாளில் வேறு நிறத்தில் எழுதுங்கள், இரண்டும் ஒத்துப்போகிற கட்டத்தை நம்புங்கள், மாறுகிற கட்டத்தை மூன்றாம் வருடமும் பாருங்கள். மழை பெய்த வாரம், புழுதிக் காற்று, புது மான் சேர்த்த நாள், வேலி வேலை நடந்த நாள் எல்லாம் ஓரத்தில் குறிப்பாக இருக்க வேண்டும்.

பென்சிலால் எழுதுங்கள். கோடையில் கை வியர்வை பட்டுப் பேனா மை கரைந்துவிடும், என் முதல் ஜூலையில் பாதி அப்படித்தான் போனது.